கடைசி ரீல் இரண்டு

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தால், நான் எடுத்த முடிவுகளில் எது சரி, எது கோணல் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அதனால் முடிவெடுப்பது எப்படி என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. முடிவெடுத்துவிட்டுத் திருதிருவென்று முழித்த கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு ஏதாவது புரிந்தால் எனக்கும் வந்து சொல்லுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தியேட்டரில் மேனேஜராக இருந்தேன். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் கதை விடப் போவதில்லை. எங்கள் பெஞ்சுகளில் இருந்த மூட்டைப்பூச்சிக்குப் பயந்து செய்தித்தாளோடு படம் பார்க்க வந்தவர்கள் உண்டு. உங்கள் மெத்தை நாற்காலியும் ஏசியும் எவ்வளவோ மேல். ஆனால் எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் காலைக் காட்சிக்கு வருவார்கள். இடைவேளைக்கு மேல் உட்கார்ந்தால் கம்பெனி பஸ் போய்விடும். பாதிப் படத்துக்கு முழு டிக்கெட்டா என்று தினமும் வாசலில் சண்டை. கடைசியில் ஓனரே ஒரு வழி சொன்னார். இடைவேளையில் பின்பக்கக் கேட்டைத் திறந்துவிடுவோம். கையில் இருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி மறுநாள் வந்து இரண்டாம் பாதியைப் பார்த்துக்கொள்ளலாம். காதலி காணாமல் போவதைச் செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு, அவள் கிடைத்தாளா இல்லையா என்று புதன்கிழமை வரை மெஷின் முன்னால் நின்று யோசிக்கிற ஜனங்கள் எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கேயாவது இருந்தார்களா என்று தெரியவில்லை. கம்பெனிச் சட்டையும் கோட்டும் போட்ட ஆணும் பெண்ணுமாக அந்தக் கேட் வழியாகத் திபுதிபுவென்று போவார்கள். யாரையும் நிறுத்திக் கேட்கிற வழக்கமில்லை.

இனி படம். பேர் எதற்கு? அந்த வருஷங்களில் அப்படிப் பத்துப் படம் வந்தது. பங்களாக்காரர் மகள், அதே பங்களாவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரின் மகன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை இப்போதுதான் முடித்தவர்கள். சைக்கிள், மழை, பாட்டு, அப்பனுக்குத் தெரிந்துவிடுவது, எல்லாம் வரிசையாக வரும். கடைசி ரீலில் அப்பனின் ஆட்கள் துரத்த, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு அருவியில் குதித்துவிடுவார்கள். அதோடு முடிந்தது. முதல் நான்கு நாள் பெண்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வெளியே வந்தார்கள். ஒருமுறை வந்தவர்கள் மறுபடி வரவில்லை. படக் கம்பெனி சும்மா இருக்குமா? அவசர அவசரமாக வேறு ஒரு முடிவை எடுத்து, சின்ன டப்பா ஒன்றில் புதுக் கடைசி ரீலை அனுப்பிவைத்தது. அதில் அருவிக்குப் போகும் பாதையில் பையன் பள்ளத்தில் சறுக்கித் தொங்குவான், பெண் கதறுவாள், பங்களாக்காரர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துத் தூக்குவார். சுபம்.

பழைய ரீலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதை வாங்கிப் போக வேண்டிய ஆள் வரவில்லை. இரண்டு டப்பாவும் ஆபரேட்டர் ரூமிலேயே இருந்தன. இங்கே ஆரம்பித்தது தொல்லை. கவுண்டரில் கை நீட்டும்போதே, "இன்னிக்கு சாவறாங்களா, பொழைக்கறாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் புதிய ரீல் வேண்டும். காலேஜ் பையன்களோ, "செத்தாத்தான் சார் அது லவ்வு, பொழைச்சா கல்யாணம்" என்று பழையதைக் கேட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து இந்த ஆட்டத்துக்கு இது, அந்த ஆட்டத்துக்கு அது என்று நானே ஆபரேட்டரிடம் சொல்லிவந்தேன். இரண்டு உயிர் போவதும் வருவதும் என் வாயில் இருந்தது. அப்போது அது எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலைக் காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஒரு பெண்மணி என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பது வயசுக்கு மேல், கையில் தூக்குவாளி, காலில் செம்மண். உள்ளே வரச் சொன்னேன். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"சார், இன்னிக்கு எதப் போடறீங்க? சாவறதா, பொழைக்கறதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, டிக்கெட் எடுத்துட்டியா?"

"டிக்கெட்டு எடுக்கலீங்க. எம்பையன் உள்ள இருக்கறான். அந்தச் சாவற படத்த மூணு வாட்டி பாத்துட்டான் சார். சோறு திங்கறப்பகூட ஒகேனக்கல்லு, ஒகேனக்கல்லுன்னே பேசறான். இன்னிக்கு அந்தப் பொண்ணும் வூட்ட வுட்டுட்டு வந்து உள்ள உக்காந்திருக்குது. அதயும் பாத்துட்டு ரெண்டும் வெளிய வந்தா நேரா அங்கதான் பஸ் ஏறுங்க. உங்க கால்ல வேணா வுழறேன், அத மட்டும் போடாதீங்க."

எந்தப் பெண், யார் வீட்டுப் பெண் என்று கேட்பதற்குள் பதில் நடந்தே வந்துவிட்டது. உத்தனப்பள்ளிப் பக்கத்துப் பெரிய விவசாயி அவர். தக்காளியும் கோஸும் லாரி லாரியாகப் பெங்களூருக்கு அனுப்புகிறவர். எங்கள் ஓனருக்கு வேண்டியவர். அவரைப் பார்த்ததும் அந்த அம்மா சுவரோடு சுவராக ஒதுங்கிக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் நிலத்தில்தான் அந்த அம்மா களை எடுத்திருக்கிறார். பையன் தலையெடுத்துக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் அது நின்றது.

அவர் உட்கார்ந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆனால் தமிழ் நம்மைவிட வேகமாக வரும்.

"மேனேஜரே, எம்பொண்ணு உள்ள இருக்குது. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். வாசல்ல என் மச்சானும் பங்காளியும் நிக்கறாங்கோ. உள்ள பூந்து தேடுனா ஊரே வேடிக்க பாக்கும், எம்மானந்தான் போவும். படம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். அந்தப் பையன என் ஆளுங்க பாத்துக்குவாங்கோ."

'பாத்துக்குவாங்கோ' என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, சுவரோரம் நின்ற அம்மா தூக்குவாளியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பழைய ரீலப் போடுங்க. புதுசுல அப்பன்காரன் கையப் புடிச்சித் தூக்கறானாமே! எந்த ஊர்ல எந்த அப்பன் தூக்கறான்? அதப் பாத்துட்டு வெளிய வந்தா எம்பொண்ணு என் பேச்ச எப்படிக் கேக்கும்? செத்தா எப்படின்னு பாக்கட்டும். கொஞ்சம் பயம் வரும்."

"சார், சாவறது வேணாம்னு அய்யாகிட்ட சொல்லுங்க சார்" என்றார் அம்மா, என்னைப் பார்த்து.

"அந்தப் பொம்பளைய வாய மூடிக்கிட்டு நிக்கச் சொல்லுங்க மேனேஜரே" என்றார் அவர், அவரும் என்னைப் பார்த்து.

இருபது வருஷமாக ஒரே வரப்பில் நடந்தவர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். நான் போஸ்ட் ஆபீஸ் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தோன்றும், போலீஸைக் கூப்பிட வேண்டியதுதானே என்று. எனக்கும் தோன்றியது. பெண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டேன். போன மாசம் பதினெட்டு முடிந்தது என்றார். போலீஸ் வந்தால் முதல் அடி பையனுக்கு. வராவிட்டால் வாசலில் நிற்கிற மச்சான் கையால் அடி. ஓனருக்குப் போன் போட்டேன், அவர் சேலம் போயிருப்பதாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தேன். தண்ணீர் குடித்தால் யோசனை வரும் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை.

பெஞ்சு டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுச் சுவர் இருக்கும். பையன் அந்தப் பக்கமும் பெண் இந்தப் பக்கமுமாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கம் நானோ அவரோ டார்ச் அடித்துக்கொண்டு போக முடியாது. அதனால், இந்த அம்மாவை உள்ளே அனுப்பிப் பார்க்கலாமா என்றேன். பெண்ணிடம் இதமாகப் பேசி, அப்பாவோடு வீட்டுக்குப் போகச் சொல்லட்டும். பெண் நல்லபடியாக வந்துவிட்டால் பையனை விட்டுவிடலாம் இல்லையா என்று அவரைக் கேட்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா தூக்குவாளியை என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இருக்குதுங்க. செவுத்தோரமா உக்காந்து அழுவுது. படம் முடிஞ்சதும் அப்பாகூட வூட்டுக்கே போயிடறேங்குது."

பெரியவர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். அதுவரை அவர் சாயவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன் பாருங்கள், அதுதான் இல்லை. ரீல் சண்டை மறுபடி ஆரம்பித்தது.

"வரேங்குதில்ல? அப்பப் பழசப் போட்டா மனசு இன்னும் கெட்டியாவும்" என்றார் அவர்.

"வரேன்னு சொன்ன புள்ளைக்கு எதுக்குங்க சாவறதக் காட்டணும்? சொல்லுங்க சார் அய்யாகிட்ட" என்றார் அம்மா. இந்தத் தடவை குரல் சற்று உயர்ந்திருந்தது.

இடைவேளை மணி அடித்தது. டீக்கடைச் சத்தம், முறுக்கு விற்கும் சத்தம், பின்பக்கம் ஷிப்ட் கூட்டம் போகிற சத்தம் எல்லாம் கேட்டன. நாங்கள் மூவரும் அறையைவிட்டு நகரவில்லை. கடைசி ரீல் எது என்பதுதான் உலகத்திலேயே பெரிய விஷயமாக இருந்தது. மச்சானும் பங்காளியும் முன் வாசலைவிட்டு அசையவில்லை. மறுபடி மணி அடித்து, விளக்கு அணைந்து, படம் ஓட ஆரம்பித்தது.

நான் ஆபரேட்டர் ரூமுக்கு ஏறினேன். எங்கள் ஆபரேட்டர் கன்னடக்காரர். வாய் அதிகம் திறக்காதவர். இரண்டு டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே நடப்பது அவர் காதுக்கும் வந்திருந்தது.

"எது சார்?"

பெரியவர் சொன்னதைக் கேட்காவிட்டால் ஓனரிடம் ஒரு வார்த்தை போதும், என் வேலை காலி. ஆனால் பெண் மனசு மாறி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அருவியைப் பார்த்து அந்த மனசு எந்தப் பக்கம் சாயும்? பயந்து வீட்டுக்கு ஓடுவாளா? பையனோடு பஸ் ஏறுவாளா? அப்பன் தூக்கிவிடுவதைப் பார்த்தால் தைரியம் வந்து அப்பனையே எதிர்த்து நிற்பாளா? நின்றால் வாசலில் மச்சான் சும்மா இருப்பானா? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சந்து.

"பேடா சார். சாவு ரீல் பேடா" என்று ஆபரேட்டரே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. புதியதையே போடச் சொல்லிவிட்டு இறங்கினேன். வேலை போனால் இன்னொரு தியேட்டர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். இரண்டில் ஒன்றைத் தாங்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கடைசியில் தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. பழைய ரீலுக்கு விசில் வராது. வெளியே பெண்கள் பக்கத்து வாசலில் நின்றிருந்த பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏமாத்திட்டீங்க இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து கூட்டம் வந்தது. தன் பெண் மஞ்சள் தாவணி என்று சொல்லியிருந்தார். மஞ்சள் தாவணிகள் வந்தன, அவருடைய பெண் வரவில்லை. தோளில் தூங்குகிற குழந்தையோடு கடைசியாக ஒரு பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் யாருமில்லை. நான் உள்ளே ஓடினேன். பெஞ்சுகளும் கடலைத் தோலும்தான் இருந்தன. பையனும் இல்லை.

பின்பக்கக் கேட்டில் நிற்கிற ஆளைப் பிடித்து உலுக்கினேன். அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "ஷிப்ட் ஆளுங்கதான் சார் போனாங்க. ஒரு பொண்ணு கம்பெனி கோட்டு போட்டுக்கிட்டுக் குனிஞ்சி போச்சு. கோட்டுக்குக் கீழ மஞ்சளாத் தெரிஞ்சிது. நம்ம கம்பெனிப் பொண்ணுதானேன்னு வுட்டுட்டேன்."

இடைவேளையிலேயே போய்விட்டார்கள். நாங்கள் கடைசி ரீலுக்காக அடித்துக்கொண்டிருந்தபோது, அதைப் பார்க்கவே அவர்கள் அங்கே இல்லை.

பெரியவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். அன்று முதல் தடவையாக நேராக அவரிடமே பேசினார். "எங்கடி அனுப்புன எம்பொண்ண?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்கய்யா!"

மச்சான் கையை ஓங்கிவிட்டான். நான் அந்த அம்மாவை இழுத்துக்கொண்டுபோய் டிக்கெட் கவுண்டருக்குள் விட்டு வெளியே பூட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் பெரியவருக்கு மானம் ஞாபகம் வந்தது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஜீப் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றது.

கவுண்டரைத் திறந்து அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "உண்மையச் சொல்லும்மா. எங்கள இங்க ரீல் சண்டையில உக்கார வெச்சிட்டு, நீதானே அவங்கள அனுப்பி வெச்ச?" என்றேன்.

"நானா? அந்தப் புள்ள காலப் புடிச்சிக் கெஞ்சுனேன் சார். எம்பையன வுட்டுடு கண்ணு, உங்கப்பாகூடப் போயிடு, அவனக் கொன்னுடுவாங்கன்னு கெஞ்சுனேன். சரிம்மான்னு சொல்லிச்சி. சரிம்மான்னு சொல்லிட்டு இப்பிடிப் பண்ணிடுச்சே!"

"அப்ப அந்தக் கோட்டு?"

"கோட்டா? என்னா கோட்டு?"

அழுதார். அழுகை நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மகனுக்காகக் கெஞ்சிக்கொண்டே அவனுக்கு வழியும் செய்துவிட்டு அழுதாரா, நிஜமாகவே ஏமாந்து அழுதாரா? அன்று தெரியவில்லை. பிறகு எத்தனையோ தடவை சந்தையில் பார்த்திருக்கிறேன், நன்றாகப் பேசுவார், அப்போதும் தெரியவில்லை. வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று யாராவது உங்களுக்குப் பயிற்சி கொடுத்தால், என்னிடம் அனுப்புங்கள்.

இரண்டு பேரும் உயிரோடு, பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தது தீபாவளிக்குப் பிறகுதான். இனி சொல்லப்போவது அதற்கு முன்னால் நடந்தது. அப்போது அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று சொல்ல முடியாது, எனக்கும் பெரியவருக்கும் தெரியாது. அவர் ஒகேனக்கல் போய்ப் பரிசல்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தார் என்று காய்கறி மண்டியில் பேசிக்கொண்டார்கள். கரையில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது என்று யாரோ சொல்ல, மறுபடியும் ஓடினாராம். அது யாருடையதோ.

எங்கள் தியேட்டரில் அந்தப் படத்துக்குக் கடைசி நாள். அன்று காலையில்தான், பழைய ரீலை வாங்க வராமல் இருந்த படக் கம்பெனி ஆள் ஒருவழியாக வந்தார். தர்மபுரியில் ஒரு தியேட்டரில் புதிய ரீல் கேட்டுக் கலாட்டா என்று சொல்லிப் புதிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் பழையதுதான் மிஞ்சியது. மதிய ஆட்டம்தான் கடைசி, கூட்டமும் அதிகமில்லை, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படம் ஆரம்பித்த பிறகு பெரியவர் வந்தார். ஜீப் இல்லை, மச்சான் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். முகத்தில் முள் முள்ளாகத் தாடி. எப்போதும் பால்கனியில் உட்காருகிறவர், பெஞ்சு டிக்கெட்டோடு என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். அவரும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"மேனேஜரே, இன்னிக்கு அந்தப் புது ரீலுதானே? அதத்தானே போடுவீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். தலை மட்டும் ஆடிவிட்டது, ஆமாம் என்று. அவர் உள்ளே போய், நடுச் சுவரை ஒட்டி உட்கார்ந்தார்.

மேலே ஓடினேன். ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் சின்ன ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார், பழைய டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள், மழை, பாட்டு. தர்மபுரிக்குப் போன் போட்டால் அந்த ரீல் பறந்தா வரும்? முன்னாடியே அவரிடம் போய் உண்மையைச் சொல்லி வெளியே கூட்டிவந்துவிடலாமா? சொன்னால், சாவதுதான் மிச்சமிருக்கிறது என்று அவர் காதில் விழாதா? அருவி ஓடட்டும், படம்தானே என்று விட்டுவிடலாமா? பரிசல்காரர்களிடம் அலைந்துவிட்டு வந்திருக்கிற மனுஷனுக்கா அருவியைக் காட்டுவது? டிக்கெட் எடுத்த மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது? அந்த அம்மாவும் அவரும் வந்து நின்ற நாளைவிட அன்று எனக்குக் குழப்பம் அதிகம். யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசி ரீலுக்கு முந்தின ரீல் முடியும்போது, "நிறுத்திடுங்க" என்றேன். ஆபரேட்டர் ஏன் என்று கேட்கவில்லை. திரை இருண்டது. நான் கீழே இறங்கிப்போய், கரண்ட் போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியவில்லை, இதே டிக்கெட்டோடு அடுத்த படத்துக்கு வாருங்கள் என்று கத்தினேன். எங்கள் ஊரில் கரண்ட் போவது புதிதா? என் தாயையும் மின்சார வாரியத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள். கதவுகளைத் திறந்ததும் வெயில் உள்ளே விழுந்தது. கூட்டம் போய்விட்டது.

அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கரண்ட் போவலீங்க மேனேஜரே. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."

அண்ணாந்து பார்த்தேன். அத்தனை ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. பொய் சொல்வதற்கு முன் ஃபேனை நிறுத்த வேண்டும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. உங்களுக்கு நான் சொல்லித்தரக்கூடிய தொழில் நுணுக்கம் இந்த ஒன்றுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதிய ரீலைத் தர்மபுரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க பாத்திருக்கீங்க இல்ல? சொல்லுங்க."

சொன்னேன். அருவிக்குப் போகும் பாதை, சறுக்கல், பையன் வேரைப் பிடித்துத் தொங்குவது. அதில் இல்லாததைக்கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அப்பன்காரன் செருப்பில்லாமல் ஓடிவருகிறான் என்றேன். வருகிற வழியெல்லாம் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறான் என்றேன். பிறகு பையனின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான்.

"தூக்கிட்டு?"

"அவ்ளோதாங்க. பொண்ணு வந்து கட்டிப் புடிச்சிக்குது. படம் முடிஞ்சிடுது."

"அப்பன் என்னா பேசறான்?"

"பேசலீங்க."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே பேசலீங்க."

அவர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் பேசாம போனா, கோவம் போயிடுச்சின்னு அந்தப் பொண்ணுக்கு எப்பிடிங்க தெரியும்?"

படத்தில் அதைக் காட்டவில்லை என்றேன்.